சிங்கப்பூர் ரயில் பாதையில் நம்மவர் தடம்



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்கு மன்னர்களும் போர்களும்தான் ஞாபகம் வருகின்றன. சோதனைக்காக ஆண்டுகளை மனப்பாடம் பண்ணுகிறார்கள். எழுதி முடித்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் வீட்டு ஆள் யாரும் வராத கதையை எத்தனை நாளைக்கு ஞாபகம் வைத்திருப்பது? ஆகவே, நம் வீட்டு ஆட்கள் வருகிற ஒரு வரலாற்றை இந்த மலரில் எழுத நினைத்தேன். அது சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையின் வரலாறு. அந்தப் பாதையில் இன்று ரயில் ஓடவில்லை. ஆனாலும் அதன் நிலையங்களைப் பார்க்க ஒருநாள் ஒதுக்கிப் போய்வரலாம்.

"ரயிலே இல்லாத ஸ்டேஷனைப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் போவணுமா சார்?" என்று ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரை.

டேங்க் ரோட்டில் தொடங்கிய பாதை

தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போய்வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. தேக்காவைத் தாண்டி, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும். நடந்து நடந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் போய் இறங்கும். செட்டியார்கள் 1859இல் கட்டிய கோயில் அது. காவடி வந்து முடிகிற அதே டேங்க் ரோட்டில்தான் சிங்கப்பூரின் முதல் ரயில் புறப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1903 ஜனவரி 1ஆம் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கித் தீமா வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டிலேயே பாதை வடக்கே உட்லண்ட்ஸ் கரை வரை நீண்டது. அதற்கு அப்பால் கடல். பயணிகள் இறங்கி, படகேறி, ஜொகூர் பாரு கரைக்கு வர வேண்டும். இந்தப் பக்கம் நம் ஜொகூரில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் முடிந்தது. இரண்டு பாதைகளும் கடலை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தக் கடலின் மேல் கல்லைக் கொட்டி அணைபோல் கட்டியதுதான் நாம் பஸ்ஸில் போகிற ஜொகூர் பாலம். 1919இல் வேலை தொடங்கியது. 1923 செப்டம்பரில் சரக்கு வண்டியும், அக்டோபர் 1இல் பயணிகள் வண்டியும் அதன்மேல் ஓடின. திறப்பு விழா 1924 ஜூன் 28இல் நடந்தது. அதன் பிறகு தோட்டத்து ரப்பர் ஷீட்டுகள் படகில் ஏற்றி இறக்கும் வேலையில்லாமல் நேரே சிங்கப்பூர் துறைமுகத்துக்குப் போயின. நம் பாட்டன்மார் சீவிய பாலுக்கும் இந்த ரயிலுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது.

டேங்க் ரோட்டுப் பழைய நிலையம் இன்று இல்லை. கோயில் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று, "இங்கேதான் ஒரு காலத்தில் புகைவண்டி ஊதியது" என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பாதையைக் காத்தவர்கள் யார்?

ரயில் பாதை என்றால் ஒருமுறை போட்டுவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெயிலில் இரும்பு நீளும், இரவில் குறுகும். மழையில் கட்டைக்கு அடியில் கிடக்கும் ஜல்லி இறங்கிப் போகும். கட்டை மக்கும். ஆணி தளரும். லாலான் புல்லோ கேட்கவே வேண்டாம், ஒரு வாரம் விட்டால் தண்டவாளத்தையே மூடிவிடும். ஆகவே பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டம் ஆட்களை நியமித்தார்கள். அவர்கள் தண்டவாளத்தோரமாகவே நடந்து, தளர்ந்ததை இறுக்கி, இறங்கிய இடத்தில் ஜல்லியை இடித்துச் செருகி, புல் வெட்டி, வாய்க்கால் தோண்டுவார்கள். இன்று முடித்தால் நாளை மறுபடியும் அதே வேலை.

மலாயா ரயில்வேயில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, தளத்தில் படுத்து, பல நாள் கடலில் கிடந்து வந்தவர்கள். 'ரஜூலா' கப்பலை நம் தோட்டத்துப் பெரியவர்களில் சிலர் இன்னும் பேர் சொல்லிப் பேசுவார்கள். கூலிக்கு வந்தவர்கள் இவர்கள் என்றால், ஸ்டேஷன் மாஸ்டராகவும் கணக்கராகவும் வந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர். கொடி காட்டியவரும் தமிழர், ஜல்லி சுமந்தவரும் தமிழர். இரண்டு பேருக்கும் இடையே சம்பளத்திலும் மரியாதையிலும் இருந்த தூரத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நாள்கூலிக்கு வேலை செய்தால் மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் காசு போச்சு. இது தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்களை மாதச் சம்பள ஆட்களாக்க வேண்டும் என்று கேட்டு, 1962 டிசம்பரில் மலாயா ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்களும் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டு போராடியவர்கள்தாம். பால்மரக்காட்டிலும் ரயில் பாதையிலும் கேட்ட கேள்வி ஒன்றே.

தஞ்சோங் பகார்

டேங்க் ரோட்டுப் பாதையில் ஒரு சிக்கல் இருந்தது. பல இடங்களில் ரயில் பாதையும் சாலையும் ஒரே மட்டத்தில் குறுக்கிட்டன. மாட்டுவண்டி ஓடிய காலத்தில் பரவாயில்லை. மோட்டார் வண்டி பெருகியதும் கேட்டைப் போட்டுப் போட்டு நகரமே நின்றது. ஆகவே புக்கித் தீமாவிலிருந்து மேற்குப் பக்கமாகச் சுற்றி, சாலைகளுக்கு மேலே பாலம் போட்டு, துறைமுகத்துக்கு அருகே முடியும்படி ஒரு புதிய பாதை போட்டார்கள். அதன் கடைசி நிலையம்தான் தஞ்சோங் பகார். 1932 மே 2ஆம் நாள் கவர்னர் சர் செசில் கிளமெண்டி அதைத் திறந்து வைத்தார்.

கட்டடத்தைப் பார்த்தால் கோட்டைபோல் இருக்கும். முகப்பில் ஆளுயரத்துக்கும் மேலாக நான்கு வெண்பளிங்கு உருவங்கள். விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் அவை குறிக்கின்றன. செய்தவர் ருடோல்போ நொல்லி என்ற இத்தாலியச் சிற்பி. உள்ளே உயர்ந்த மண்டபம். அதன் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள்: நெல் நடுகிறார்கள், ஈயம் எடுக்கிறார்கள், மாட்டுவண்டி போகிறது, கப்பல் நிற்கிறது. ஒரு சித்திரத்தில் ரப்பர் மரம் சீவுகிறார்கள்!

பெற்றோர்களே, அந்தச் சித்திரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளைக்காரத் துரைமார் நுழைகிற மண்டபத்திலேயே பால்மரம் சீவுகிற ஆள் சுவரில் நிற்கிறார். இந்த நாட்டின் செல்வம் யார் கையிலிருந்து வந்தது என்பது கட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதானே பொருள்? ஆனால் சுவரில் இருப்பவருக்குப் பெயர் இல்லை. அந்தப் பெயரைத் தேடுவது யார் வேலை என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த நிலையம் நின்ற மண் சிங்கப்பூரில், ரயிலோ மலேசியாவுடையது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியச் சாவடி தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆகவே வடக்கே போகிற பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, பிறகு ரயிலேறி, அரை மணிக்கும் மேலான பயணத்துக்குப் பிறகுதான் சிங்கப்பூரைவிட்டு வெளியேறினார்! இது எப்படி முடியும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாத ஒரு நிலையம்

தஞ்சோங் பகாரிலிருந்து பாதை குவீன்ஸ்டவுன் பக்கமாக வரும். இங்கே நான் காட்ட விரும்புவது கோயில் ஒன்று. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். புதிய ரயில் பாதை திறந்த அதே 1932ஆம் ஆண்டில், குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தோரம் குடியிருந்த நம் ரயில்வே தொழிலாளர்கள் சிறியதாக எழுப்பிய கோயில் அது. முனியாண்டி கோயில் என்றுதான் மக்கள் சொல்வார்கள். பிறகு இடம் மாற வேண்டி வந்து, இப்போதிருக்கும் இடத்தில் கட்டி, 1998இல் குடமுழுக்கு நடந்தது.

இந்தக் கோயில் ஏன் அங்கே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாதையைத் தினமும் காக்க ஆட்கள் வேண்டும். ஆட்கள் பாதைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். குடியிருந்தால் பிள்ளைகுட்டி உண்டு. ராத்திரியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் தனியாக நடக்கிறவனுக்கு ஒரு காவல் தெய்வம் வேண்டும். நம் தோட்டத்து எல்லையில் முனியாண்டி நிற்கிறாரே, அவர்தான் ரயில்வேக்காரர்களோடும் போயிருக்கிறார்.

ரயில் நிலையங்களை அரசாங்கம் கட்டியது. அரசாங்கமே பின்னால் பாதுகாத்தது. இந்தக் கோயிலைக் கட்டியவர்களும் காத்தவர்களும் நம் மக்கள். பழைய ரயில் பாதையின் நிலையங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஒரு நிலையமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புக்கித் தீமாவின் வளையம்

அடுத்தது புக்கித் தீமா நிலையம். சிவப்புச் செங்கல் கட்டிய சின்ன நிலையம். இதுவும் 1932இல் வந்ததுதான். தஞ்சோங் பகாரோடு ஒப்பிட்டால் நம் தோட்டத்து ஆபீஸ் அளவுதான் இருக்கும். ஆனால் அதில் நடந்த வேலை பெரியது.

பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் என்ன ஆகும்? அதைத் தடுக்க ஓர் எளிய ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டோக்கன். அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அந்தப் பகுதிக்குள் வண்டியை விடக் கூடாது. ஒரு டோக்கனை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டால், அது மறுபடியும் இயந்திரத்துக்குள் போகும்வரை அடுத்த டோக்கன் வெளியே வராது. ஆகவே ஒரு பகுதிக்குள் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க முடியும்.

அந்த டோக்கனைப் பெரிய கம்பி வளையத்தில் ஒரு பையில் கட்டி நிலையத்து ஆள் நீட்டிக்கொண்டு நிற்பார். வண்டி நிற்காமல் மெதுவாக ஊர்ந்து வரும். வண்டியில் இருப்பவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதிய வளையத்தைக் கையில் மாட்டிக்கொள்வார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். புகைவண்டி காலத்து இந்தப் பழக்கம், டீசல் வண்டி வந்த பிறகும், 2011 வரை புக்கித் தீமாவில் நடந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் உயிரை ஒரு கம்பி வளையமும் இரண்டு மனிதர்களின் கவனமும் காத்தன.

புகைவண்டி என்றால் என்ன என்றே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுப்பில் கரி எரியும். கொதிகலனில் தண்ணீர் ஆவியாகும். அந்த ஆவி சிலிண்டருக்குள் போய்த் தண்டைத் தள்ளும். தண்டு சக்கரத்தைச் சுற்றும். வீட்டில் சோற்றுப்பானை மூடியைத் தள்ளுகிறதே, அதே சக்திதான். போருக்கு முன் இந்த வண்டிகளுக்கான கரி பெரும்பாலும் சிலாங்கூர் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்தது. நாள் முழுக்க அடுப்புக்கு முன் நின்று கரி அள்ளிப் போட்டவர்களின் உழைப்பையும் நினைத்துப் பாருங்கள்.

போர் போட்ட வடு

புக்கித் தீமா நிலையத்தின் பக்கத்திலேயே சாலைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் உண்டு. வடக்கே நடந்தால் அப்பர் புக்கித் தீமா சாலைக்கு மேலே இன்னொன்று. அதற்கும் வடக்கே, அதே சாலையில், பழைய ஃபோர்ட் கார் தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15இல் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்த இடம் அது. இன்று அது ஒரு காட்சிக்கூடம்.

அந்தச் சரணடைவுக்குப் பின் ரயிலுக்கு வேறொரு வேலை வந்தது. சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்காக. சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். தகப்பன் திரும்பாத வீடு, மாமன் திரும்பாத வீடு என்று ஒவ்வொரு தோட்டத்திலும் கதை உண்டு. போர்க்கைதிகளுக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை.

கடைசி வண்டி

1918இல் சிங்கப்பூர் ரயிலை மலாய்க் கூட்டு மாநில அரசாங்கம் வாங்கியதிலிருந்து பாதையும் அதன் நிலமும் எல்லைக்கு இப்பாலுள்ள அரசுக்குச் சொந்தமாக இருந்தன. 1965இல் இரண்டும் தனி நாடுகளான பிறகு இது நீண்ட நாள் பேச்சாயிற்று. 1990இல் ஓர் ஒப்பந்தம்; 2010இல் முடிவான தீர்வு. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டி வந்தவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்கள். மறுநாளிலிருந்து ரயில் உட்லண்ட்ஸோடு நின்றது.

பிறகு தண்டவாளத்தைக் கழற்றினார்கள். ஆனால் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளவில்லை. தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் தேசிய நினைவுச் சின்னமானது. அதே ஆண்டில் புக்கித் தீமா நிலையமும் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. பழுது பார்த்து 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பாதை மரமும் புல்லுமாக நடைபாதையாயிற்று. தஞ்சோங் பகார் நிலையம் எம்.ஆர்.டி. கட்டுமான வேலைக்காகப் பல ஆண்டு மூடப்பட்டிருந்தது, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு மலை ஏறும் வண்டி. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே வண்டியையும் நிலையத்தையும் சேர்த்தே காத்தார்கள். சிங்கப்பூரில் வண்டி போய்விட்டது. நிலையமும் பாதையும் மிஞ்சின. இரண்டிலும் ஒரு பாடம் நமக்கு உண்டு. காப்பாற்ற வேண்டும் என்று சிலர் முன்கூட்டியே முடிவு பண்ணியதால்தான் அவை இன்று இருக்கின்றன.

நாம் என்ன காக்கப் போகிறோம்?

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். ரயில் இல்லாத நிலையத்தை ஏன் பார்க்க வேண்டும்? நம் தோட்டங்களும் அந்தப் பாதையைப் போலவே ஆகிவருகின்றன. பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீட்டு மனை வருகிறது. லயம் இடிகிறது. ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்டால் கைகாட்டப் பெரியவர்கள் சிலரே இருக்கிறார்கள். தஞ்சோங் பகாரை ஓர் அரசாங்கம் காத்தது. நம் பெரட்டுக் களத்தை யாரும் நினைவுச் சின்னமாக அறிவிக்கப் போவதில்லை. முனியாண்டி கோயிலை அந்த ரயில்வேக்காரர்கள் காத்த மாதிரி, நம்முடையதை நாம்தான் காக்க வேண்டும். கட்டடத்தைக் காக்க நம்மிடம் பணமில்லை. பேரையும் கதையையும் காக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை வரலாறு படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் தாத்தா, பாட்டி, அல்லது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் குடும்பத்தில் முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து? அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு கூலி? நம் வீட்டில் யாராவது ரயில்வேயில் இருந்தார்களா, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உண்டா? அவர்கள் சொல்வதைச் சொல்லுகிறபடியே எழுதுங்கள். பேச்சுத் தமிழாக இருந்தாலும் திருத்த வேண்டாம். தேதி ஞாபகமில்லை என்றால், "ஜப்பான்காரன் வந்த வருஷம்", "மூத்தவன் பிறந்த வருஷம்" என்று அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். ஆண்டைப் பிறகு நாம் சேர்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால், "அதெல்லாம் எதுக்குடா இப்போ?" என்று விரட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லுங்கள். எழுதிய நோட்டைப் பள்ளி திறந்ததும் என்னிடம் கொடுத்தால், அடுத்த பரிசளிப்பு விழா மலரில் அந்தப் பேர்களைப் போடுவோம்.